மாமரத்துச் சாமி பெயர்

அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

வாக்குச்சாவடிக்குள் அதைக் கேட்டவன் வேறொருவன். ஆனால் அதை அவன் வாயில் வைத்தவன் நான். ஒரு பெண்மணியை ஓட்டுப் போடவிடாமல் திருப்பி அனுப்புவதற்காக, அவர் வீட்டோடு ஒரே சுவரைப் பங்கிட்டு வாழ்ந்தவன், அவர் கையால் எத்தனையோ வேளை சாப்பிட்டவன், நன்றாக யோசித்து, நிதானமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அந்த உரிமை உங்களுக்கு இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல முடியாமல் போனதால் உங்களிடம் சொல்கிறேன். அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு. எங்கள் வீட்டுக்கு இடப்பக்கத்து வீடு விசாலக்காவுடையது. விசாலாட்சி என்பது முழுப்பெயர். அவருடைய கணவர் நல்ல நெசவாளி. நெஞ்சுச் சளி முற்றிப்போய், மூச்சு வாங்கி, தறியை விட்டுப் படுக்கையில் விழுந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. விசாலக்காதான் பட்டு நூலை உருளையில் சுற்றிக்கொடுத்து அந்த வீட்டை நடத்தினார்.

அவரைப் பற்றி எங்கள் தெருவில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் சங்கதி ஒன்று உண்டு. அவர் கணவரின் பெயர் ஏகாம்பரம். எங்கள் ஊரின் பெரிய சிவன் கோயிலில் இருக்கும் சாமிக்கும் அதே பெயர்! கணவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர் விசாலக்கா. அதனால் கோயிலின் பெயரும் அவர் வாயில் வராது. அந்தக் கோயிலில் தலவிருட்சமாக மாமரம் இருக்கிறதல்லவா... அதைப் பிடித்துக்கொண்டார். "மாமரத்துக் கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்பார். பங்குனித் திருவிழாவில் தேரைக் கும்பிடும்போதுகூட "மாமரத்துச் சாமி, காப்பாத்து" என்றுதான் கன்னத்தில் போட்டுக்கொள்வார். சின்ன வயதில் நாங்கள் பையன்கள் கூடி, "அக்கா, அது இன்னா கோயிலு? பேரச் சொல்லுங்க பாக்கலாம்" என்று சீண்டுவோம். "போங்கடா படவா" என்று நூல் உருளையை ஓங்கிக்கொண்டு வருவார். முகம் சிவந்திருக்கும். கண் சிரித்துக்கொண்டிருக்கும்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் பிறகு ஆயுதமாக்கினேன்.

புது நூற்றாண்டு பிறந்த புதிது. நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் இரண்டே பேருக்குத்தான் போட்டி. ஒருவர் சாயப்பட்டறை முதலாளி. இன்னொருவர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா. முதலாளியின் பட்டறையிலிருந்து வரும் சாயத் தண்ணீர் எங்கள் தெருவின் நடுவே ஓடும். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை. கிணறுகள் கெட்டுப்போயின. தெருக்குழாயில் வரும் தண்ணீரிலும் அந்த நெடி ஏறியிருந்தது. வடிகால் கட்டி அதை ஊருக்கு வெளியே கொண்டுபோவேன் என்பதுதான் நர்ஸம்மாவின் ஒரே வாக்குறுதி. விசாலக்கா வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். "படுத்துக்கினு இருக்கிற மனுசனுக்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணி குடுக்க முடியல. வேற யாருக்குப் போடுவேன்?" என்று குழாயடியில் சொன்னதை நானே கேட்டேன்.

நான் முதலாளியின் பக்கம். ஏன்? பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஜெயித்தால் தன் பட்டுக்கடையில் கணக்கெழுத வைத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். அந்தச் சாயத் தண்ணீரைத் தாண்டித்தான் தினமும் அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். என் காலில் அது படவில்லையா? பட்டது. எனக்கு மூக்கு இல்லையா? இருந்தது! ஆனாலும் போனேன்.

அந்தத் தேர்தலில்தான் அடையாள அட்டையைப் பற்றிக் கெடுபிடி அதிகம். போட்டோ பிடித்த அட்டை வேண்டும், இல்லாவிட்டால் ரேஷன் கார்டு மாதிரி வேறு ஏதாவது சான்று வேண்டும் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். அதில் தவறில்லை. செத்துப்போனவர்கள் பெயரில் ஓட்டுப் போட ஆள் திரட்டியவர்களை எனக்கே தெரியும். முதலாளியின் வலக்கையாக இருந்த ரத்தினம் அண்ணன் அந்த வேலையில் கெட்டிக்காரர். அவருடைய கையைக் கட்டுவதற்கு அந்த அட்டை வேண்டும்தான். நர்ஸம்மாவே மேடையில் அதை வரவேற்றுப் பேசினார்.

ஆனால் விசாலக்காவிடம் அட்டை இல்லை. பள்ளிக்கூடத்தில் போட்டோ பிடிக்க வந்த அன்று கணவருக்கு மூச்சுத்திணறி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இது எனக்குத் தெரியும். அவர்களை வண்டியேற்றிவிட்டதே நான்தான்.

தேர்தலுக்கு முந்தின நாள், பட்டறையில் எல்லோரும் கூடியிருந்தோம். "உங்க தெருவுல அந்தம்மாவுக்குப் போடறவங்க யார்கிட்டலாம் போட்டோ கார்டு இல்ல?" என்று ரத்தினம் அண்ணன் கேட்டார். விசாலக்காவின் பெயரைச் சொன்னேன்.

"ரேஷன் கார்டக் காட்டுவாங்களே" என்றார் அவர்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதை நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்... யாரும் வற்புறுத்தவில்லை!

"ரேஷன் கார்டுல அவங்க படம் இல்லண்ணா. ஊட்டுக்காரர் படம்தான் இருக்குது. இது உன் கார்டுதான்னா அதுல இருக்கிற பேரச் சொல்லுன்னு கேளுங்க. செத்தாலும் அவங்க வாயில அந்தப் பேரு வராது."

எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். ரத்தினம் அண்ணன் என் முதுகில் தட்டி, "படிச்ச புள்ளைன்னா சும்மாவா!" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆம், பெருமைதான்... வேறு சொல்லைத் தேடி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

மறுநாள் எங்கள் தெருவுக்கு வாக்குச்சாவடி ஆரம்பப் பள்ளிக்கூடத்தில். ரத்தினம் அண்ணன் உள்ளே ஏஜென்ட். நான் வெளியே சாலையோரத்தில் மேசை போட்டு, வாக்காளர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குப் பசி வந்திருக்கும் என்று இட்லிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாசற்படி வரை போனேன். அந்த நேரம் பார்த்து விசாலக்கா உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

கல்யாணத்துக்குப் போவதுபோல வந்திருந்தார். வெளுத்த மஞ்சள் புடவை, தலையில் கனகாம்பரம், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் கார்டு.

"இது ஆம்பள படம் சார். இந்தம்மா யாருன்னு இதுல எங்க இருக்குது?" ரத்தினம் அண்ணன் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். "கார்ட யாரு வேணா எடுத்துக்கினு வரலாம். இது அவங்க கார்டுதான்னா ஊட்டுக்காரர் பேரச் சொல்லச் சொல்லுங்க."

சாவடி அலுவலர் வெளியூர் ஆசிரியர். சாதுவான மனிதர். "நியாயமான கேள்விதானேம்மா. கார்டுல இருக்கிற பேரச் சொல்லிடுங்க. ஓட்டுச் சீட்டு குடுத்துடறேன்" என்றார்.

விசாலக்கா சிரித்தார். சீண்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார். "மாமரத்துச் சாமி பேரு சார்" என்றார்.

"எந்தச் சாமி?"

"பெரிய கோயிலு சாமிதான். மாமரம் இருக்குதே..."

வெளியூர்க்காரருக்கு எப்படிப் புரியும்? "பேரச் சொல்லணும்மா" என்றார் மறுபடியும். வரிசையில் நின்ற சில ஆண்கள் சிரித்தார்கள். நர்ஸம்மாவின் ஏஜென்ட் சின்னப் பெண். "சார், இவங்கள எல்லாருக்கும் தெரியும் சார்" என்று பதறினாள். "உன் கட்சி ஆளு, நீ சொல்லத்தான் செய்வ" என்று ரத்தினம் அண்ணன் அவளை உட்காரவைத்தார். விசாலக்காவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதை வாசற்படியிலிருந்து பார்த்தேன்.

அவரும் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது!

"அதோ நிக்கிறானே சேகரு... எங்க பக்கத்து ஊட்டுப் புள்ள. அவனக் கேளுங்க சார். என் மடியில வளந்தவன்!"

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இவங்களத் தெரியுமா?"

இட்லிப் பொட்டலம் கையில் சுட்டது. ரத்தினம் அண்ணனின் கண் என்மேல் இருந்தது.

"நான் ஏஜென்ட் இல்ல சார். சாப்பாடு குடுக்க வந்தேன்" என்றேன்.

தெரியாது என்று நான் சொல்லவில்லை. அந்த அளவுக்குச் சாமர்த்தியம் என்னிடம் இருந்தது! பொட்டலத்தைப் படியில் வைத்தேன். அங்கிருந்து போயிருக்க வேண்டும்... போகவும் முடியவில்லை.

விசாலக்கா முந்தானையை இழுத்து இரு தோளையும் போர்த்திக்கொண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பினார். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஏகாம்பரம்."

மெதுவாகத்தான் சொன்னார். அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அலுவலர் அவசர அவசரமாகச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். விசாலக்காவின் விரலில் மை வைத்தார்கள். அவர் முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு என்னைக் கடந்து வெளியே போனார். என்னைப் பார்க்கவில்லை.

ஒரு மனிதருக்கு, 'நான் இன்னார்' என்று சொல்வதற்குத் தன் வாய்ச்சொல் போதவில்லை. அண்டை வீட்டுக்காரனின் சொல்லும் கிடைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் காத்துவைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்தால்தான் சீட்டு! சட்டப்படி எந்தப் பிழையும் இல்லை. கேட்டது நியாயமான கேள்விதான் என்று ஓர் ஆசிரியரே சொன்னார். பிழை எங்கே இருந்தது தெரியுமா? அந்தக் கேள்வி யாரைத் தடுக்கும் என்று தெரிந்தே கேட்டதில் இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மதியத்துக்கு மேல் என் அம்மா ஓட்டுப் போட வந்தார். அம்மாவுக்கு அட்டை வந்திருந்தது. ஆனால் அதில் ஒட்டியிருந்த முகம் யாருடையதோ! பெயர் சரி, வயது சரி, முகம் வேறு. எங்கள் தெருவில் பல பேருக்கு அப்படித்தான் வந்திருந்தது. ரத்தினம் அண்ணன் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். என் மேசையைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். விரலில் மை இல்லை.

நடந்ததை மாலையில்தான் கேள்விப்பட்டேன். நர்ஸம்மாவின் ஏஜென்ட் பெண் எழுந்து, "காலையில எங்க ஓட்டருக்குக் கேட்டீங்க இல்ல? இவங்களும் ஊட்டுக்காரர் பேரச் சொல்லட்டும்" என்றிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? ரத்தினம் அண்ணனால் மறுக்க முடியவில்லை. அப்பா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அப்போதும் அம்மா சொல்லவில்லை. அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிவிட்டார்.

"இனிமே என்னை ஓட்டுன்னு கூப்புடாதபா" என்றார் அன்று சாப்பாடு போடும்போது.

நாங்கள் தோற்றோம். கொஞ்ச ஓட்டில்தான் தோற்றோம். எனக்குக் கடையில் வேலை இல்லை என்றாயிற்று. இன்றைக்கு நினைத்தால், கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது... தோற்றதற்காக! நர்ஸம்மா சொன்னபடி வடிகால் கட்டினார். தெரு காய்ந்தது. குழாய்த் தண்ணீரிலிருந்து நெடி போயிற்று.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகி, மனைவி நிறைமாதமாக இருந்தாள். ஒரு முற்பகல். நான் வேலை தேடிச் சென்னைக்குப் போயிருந்தேன். வலி முன்னதாகவே கண்டுவிட்டது. அம்மா கதறிய சத்தம் கேட்டுச் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து விசாலக்கா ஓடிவந்திருக்கிறார். பார்த்துவிட்டு அங்கிருந்து நர்ஸம்மா வீட்டுக்கு ஓடியிருக்கிறார். கவுன்சிலரான நர்ஸம்மா ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்து, வழியெல்லாம் மனைவியின் கையைப் பிடித்தபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டர். நான் வந்து சேர்ந்தபோது என் மகள் விசாலக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

யாரை வாக்களிக்கவிடாமல் தடுக்கப் பார்த்தேனோ அவர் ஓடினார். யாரைத் தோற்கடிக்கப் பார்த்தேனோ அவர் வந்தார். நன்றி என்ற சொல்லை நீங்கள் எவ்வளவு இலேசாகப் பயன்படுத்துகிறீர்கள்! அது தொண்டையில் முள்ளாக நிற்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த முறை போட்டோ பிடிக்க வந்தபோது நானே விசாலக்காவை அழைத்துப்போனேன். அட்டை வந்ததும் வாங்கி, பெயரும் முகமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தேன். "இதுல அவுரு பேரு போட்டிருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப இனிமே நான் சொல்ல வேணாம். கார்டே சொல்லிக்கும்" என்று தடவிப் பார்த்தார். சேகருதான் வாங்கிக் கொடுத்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏகாம்பரம் மாமா அதற்குள் காலமாகிவிட்டிருந்தார்.

அந்தத் தேர்தல் நாளைப் பற்றி அவர் வாயைத் திறந்தது சில வருடங்கள் கழித்து. என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நீ வாசல்ல நின்னுக்கினு ஒண்ணும் சொல்லல. எனக்குக் கோவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நெனச்சேன்... சின்னப் புள்ள, வேலை போயிடும்னு பயந்திருப்பான். உடு."

என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை.

"ஊட்டுக்கு வந்து அவர்கிட்ட அழுதேன்பா. இந்த மாதிரி உங்க பேரச் சொல்லிட்டேன், ஆயுசு கொறைஞ்சிடுமாம், மன்னிச்சுக்கங்கன்னு. அந்த மனுசன் இன்னா பண்ணாரு தெரியுமா? மூச்சு வாங்கற அந்த நெலமையில சிரிக்கிறாரு! 'எப்பிடிச் சொன்ன? எனக்கு ஒரு தபா சொல்லிக் காட்டு'ங்கறாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. கதவச் சாத்திட்டு வந்து காதுல சொன்னேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவருக்கு. 'கல்யாணம் ஆன நாள்லருந்து இதக் கேக்கணும்னு இருந்தேன்டி'ன்னாரு. அப்புறம் சாகற வரைக்கும், யாரும் இல்லாதப்ப சொல்லச் சொல்லுவாரு. நானும் சொல்லுவேன்."

பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினார்.

"அந்தக் கேள்விய எவன் யோசிச்சு வச்சானோ... நல்லா இருக்கணும்பா அவன். புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்."

என் மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்!

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். எழுந்து வீட்டுக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். நீங்கள் நினைக்கலாம், முடிவு நல்லதாகத்தானே போயிற்று என்று. இல்லை! அவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி அவர்களே உண்டாக்கிக்கொண்டது. நான் கொடுத்தது அவமானம் மட்டும். அந்த அவமானத்தை அப்படி மாற்றிக்கொள்ள ஏகாம்பரம் மாமா போல ஒருவர் வீட்டில் இருந்தார். என் அம்மா திரும்பி வந்த வீட்டில் யார் இருந்தார்கள்? நான்தான் இருந்தேன்.

அடுத்த நகராட்சித் தேர்தல் வந்தது. அம்மாவின் அட்டையை நான் போராடித் திருத்தி வாங்கியிருந்தேன். சரியான முகம், சரியான பெயர். "இந்தத் தபா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா, வா" என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பட்டறையில் பேசியது, எல்லோரும் சிரித்தது, ரத்தினம் அண்ணன் முதுகில் தட்டியது, வாசற்படியில் நின்றது. ஒன்றையும் மறைக்கவில்லை. விசாலக்கா மாமாவைப் பற்றிச் சொன்னதையும் வாழ்த்தியதையும் சொன்னேன். "அவங்ககிட்டயும் இன்னிக்கே போய்ச் சொல்லிடறேம்மா" என்றேன்.

அம்மா கையைக் களைநீரிலிருந்து எடுக்கவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அழுவார் என்றும் நினைத்தேன்.

"அவகிட்ட சொல்லாத" என்றார்.

"அம்மா..."

"உன் பாரத்த எறக்கி வைக்க அவ ஊடு எதுக்கு? புருசனப் பத்தி அவகிட்ட இருக்கிறது அந்த ஒரு நெனப்புதான். அதுல உன் மூஞ்சக் கொண்டுபோய் ஒட்டாத. நீயே வச்சிக்க."

"நீயாவது என்னை..."

அம்மா அரிசியை உலைப் பாத்திரத்தில் சாய்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நேரமாச்சு. விசாலம் வாசல்ல நிக்கறா பாரு, கூட்டிக்கினு போ" என்றார்.

வெளியே வந்தேன். விசாலக்கா அதே மஞ்சள் புடவையில், அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அம்மா வரலயா?"

"வரலக்கா."

"ஏன்?"

"உடம்பு சரியில்ல" என்றேன்.

காய்ந்த தெருவில் இருவரும் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தோம். வழியெல்லாம் அவர் என் மகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.